ஏகமனதாக முடிந்த கூட்டம்

செல்போனில் கூட்டம் போடுவது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது ஒரு புண்ணியவான், "மலைக்காரி, போனைப் பார்த்தாலே மிரளுறா" என்று ஆரம்பித்துவிடுவான். நான் பன்னிரண்டாவது படித்தவள். சாமைப்பட்டு வார்டு மெம்பர். எங்கள் ஊரில் பென்ஷன், ரேஷன், பிள்ளைகளின் ஜாதிச் சான்று என்று எல்லாவற்றுக்கும் போனைத் தட்டிக் கொடுப்பவளே இந்தத் தமிழரசிதான். அன்றைக்கு அந்தப் போன் இல்லாமல் இருந்திருந்தால், வேலூரில் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த நான் ஊரில் நடந்த கூட்டத்தைப் பார்த்தே இருக்க முடியாது. பார்த்தேன். என் போதாத காலம், பார்க்க மட்டும்தான் முடிந்தது.

விஷயம் இதுதான். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற சரிவில் ஒரு விடுதிக் கம்பெனி ரோடு போட வேண்டுமாம். உச்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த அறைகள் கட்டுவார்களாம். படுத்துக்கொண்டே மேகத்தைப் பார்க்கிறவர்களின் கார் ஏறுவதற்கு அந்த ரோடு. சர்வே என்று சொல்லிக்கொண்டு போன மாதம் ஒரு மிஷினைக் கொண்டுவந்து சரிவின் அடியில் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார்கள். கொஞ்சம்தான் வெட்டினார்கள், அதற்கே மேலே மண் வாயைப் பிளந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அஜய் கடப்பாரையை அந்த வெடிப்புக்குள் விட்டுப் பார்த்தார். கைப்பிடிவரை உள்ளே போனது. வெடிப்புக்கு நேர் கீழே இருப்பது எங்கள் வீடு. ஊரிலேயே மேட்டில் இருக்கும் வீடு அதுதான். எல்லோரும் மேல் வூடு என்றே சொல்வார்கள்.

அன்று சாயங்காலமே எங்கள் மகள் சங்கரியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டோம். கீழே கொழுந்தனார் வீட்டில் ஒண்டிக்கொண்டோம். சங்கரிக்கு ஐந்து வயது. "எப்பம்மா நம்ம வூட்டுக்குப் போவோம்?" என்று எந்நேரமும் நச்சரிப்பு. ரோடு வராது என்று முடிவானதும் போகலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். வெட்டின இடத்தில் கல் அடுக்கிக் கட்டிவிட்டால் சரிவு நின்றுவிடும் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். மறுபடி கை வைத்தால், அதுவும் ஐப்பசி மழையில் கை வைத்தால், நிற்காது. இதைத் தெரிந்துகொள்ள ஒரு படிப்பும் தேவையில்லை.

ரோடு போடுவதற்கு முன்னால் ஊர்க்காரர்களைக் கேட்க வேண்டுமே. அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்தை நடத்திக் கொடுக்கக் கம்பெனி ஒரு ஆளைப் பிடித்திருந்தது. சக்கரவர்த்தி என்று பெயர். மலையேறி வந்தும் மடிப்புக் கலையாத சட்டை, எதைச் சொன்னாலும் ஒரு சிரிப்பு. எங்கள் சமுதாயக் கூடத்தில் ஊரைக் கூட்டி வைத்து, கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஆன்லைனில் வைத்துக்கொள்ளலாம் என்றான். தலைமை தாங்கப்போவது சென்னையில் இருக்கும் ஒரு ரிட்டயர்டு அதிகாரியாம்.

"அய்யாவுக்கு வயசாய்ட்ச்சுங்க. முதுகு வலி வேற. இந்த ரோட்டுல குலுங்கி வந்தா அவரு படுத்துடுவாரு. ஆன்லைன்னா யாருக்கும் அலைச்சல் இல்ல. ஜீப்பு ஜீப்பா வர்றவங்களுக்கு நீங்க ஆக்கிப் போட வேணாம். திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலைக்குப் போன உங்க பசங்க அங்கருந்தே கலந்துக்கலாம். கைக்குழந்தக்காரங்க வூட்டுலயே உக்காந்து பாக்கலாம். எல்லாம் ரெக்கார்டு ஆவும். நாளைக்கு யாரும் மாத்திப் பேச முடியாது."

முனியன் கவுண்டர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கினார். அவர்தான் எங்கள் ஊர்க் கவுண்டர், ஊருக்குத் தலைவர்; எனக்கு மாமா முறை. "எல்லாம் ஆன்லைன்லயே ஆவும்னா, அத்த சொல்றதுக்கு நீ எதுக்குப்பா நேர்ல வந்த?" என்றார்.

ஊரே கொல்லென்று சிரித்தது. சக்கரவர்த்தியும் கூடவே சிரித்தான். சிரித்தபடியே கையிலிருந்த பேப்பரைப் புரட்டினான்.

நான் எழுந்து ஆன்லைன் பக்கம் பேசினேன். ஏன் பேசக்கூடாது? அவன் சொன்னதில் எது பொய்? என் அம்மா மாணிக்கம்மாளுக்கு இடுப்பு எலும்பு முறிந்து வேலூரில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். கூட்ட நாளில் நான் அங்கேதான் இருந்தாக வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கும் எங்கள் பையன்களுக்கு ஒரு நாள் லீவு போட்டால் சம்பளம் போய்விடும். போன தடவை கல் குவாரி வைக்க ஊரைக் கேட்கிற கூட்டம் நேரில் நடந்தபோது இவர்களில் ஒருவரும் வர முடியவில்லை. பிள்ளை பெற்று பத்து நாளான வெள்ளச்சி வராந்தாவிலிருந்து எட்டி எட்டிப் பார்த்ததும் எனக்கு மறக்கவில்லை. நேரில் கூடினால் ஊரில் இருப்பவனுக்கு மட்டும்தானே வாய் இருக்கிறது? இதையெல்லாம் நான் கேட்டதும் பெண்கள் பக்கமிருந்து ஆமாம் ஆமாம் என்று குரல் வந்தது.

கவுண்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதெல்லாம் சரிம்மா. மூஞ்சியப் பாக்காம இல்லன்னு எப்படிச் சொல்றது?" என்றார்.

அவர் கேட்டது எங்கள் ஊர் வழக்கத்தை வைத்து. சாமைப்பட்டில் வந்த ஆளின் முகத்துக்கு நேரே முடியாது என்று யாரும் சொல்ல மாட்டோம். நம் ஊர்த் தண்ணீரைக் குடித்தவனை வாயால் மறுப்பது மரியாதை இல்லை. கேள்வியைக் கேட்டதும், சம்மதம் உள்ளவர்கள் உட்கார்ந்த பாயிலேயே இருப்பார்கள். சம்மதம் இல்லாதவர்கள் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூடத்துக்கு வெளியே மேட்டுப் பக்கம் போய் நிற்பார்கள். போய் நின்ற பிறகு வாயைத் திறக்கக் கூடாது. வந்தவர் அதைப் பார்ப்பார், கைகூப்புவார், இறங்கிப் போய்விடுவார். அத்தோடு அந்தப் பேச்சு தீர்ந்தது.

குவாரிக்கும் அப்படித்தான் தீர்ந்தது. கேட்க வந்திருந்த பெரிய மனிதர் டீ கிளாஸைக் கையில் வைத்திருந்தபோதே ஊர் மொத்தமும் எழுந்து மேட்டுப் பக்கம் போய்விட்டது. காலிப் பாய்களுக்கு நடுவில் தனியாக நின்றார் மனுஷன். எங்களைப் பார்த்தார், பாய்களைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார். குவாரி வரவே இல்லை.

"கூடத்துல டிவி வெப்பாங்க, அதுல அவரு மூஞ்சி நமக்குத் தெரியும் மாமா. கேமராவுல நம்ம மூஞ்சி அவருக்குத் தெரியும். எழுந்து போனா பாக்க மாட்டாரா?" என்றேன். கவுண்டர் அரை மனசாகத் தலையாட்டினார்.

இருந்தாலும் எனக்குள் ஒரு உறுத்தல். வேலூருக்குக் கிளம்பும் முன் சக்கரவர்த்திக்குப் போன் போட்டு வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். எழுந்து போனால் வேண்டாம் என்று அர்த்தம், அதை நீங்கள் அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றேன். "சூப்பர் மேடம். நோட் பண்ணிக்கிட்டேன் மேடம்," என்றான். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். இரண்டு தடவையும் அச்சுப் பிசகாமல் சொன்னான். அவனுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

கூட்டத்தன்று காலையில் அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள். வராந்தாவில் எனக்குப் பக்கத்துப் பாய் கண்ணமங்கலத்து மங்கம்மாள் அக்காவுடையது. அவள் வீட்டுக்காரர் உள்ளே படுத்திருந்தார். நல்ல வாய்த்துடுக்கு. பல் துலக்கப் போனாலும் அங்கே நாலு பேரிடம் கதை கேட்டுவிட்டுத்தான் வருவாள். அவளோடு டீ குடித்துக்கொண்டிருந்தபோது அஜய் கூப்பிட்டார். எங்கள் ஊரில் மேல் வூட்டு வாசலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். போன் பேசுவதற்காகவே ஏறிப் போயிருந்தார்.

"தமிழு, இங்க மழ புடிச்சுக்கும் போல கீது. வெடிப்புல தண்ணி எறங்குது," என்றார்.

"பேசிட்டு ஒடனே எறங்கிப் போய்யா. அங்க நிக்காத."

"எறங்குறேன். இன்னொண்ணு. மிஷினு வந்து கீழ வளைவுல நிக்குது. முன்ன வந்தது இல்ல, பாற ஒடைக்கிற மிஷினு. டிரைவரு உள்ளயே உக்காந்துகினு பீடி குடிக்கிறான்."

இன்னும் ஊரைக் கேட்கவே இல்லை, அதற்குள் மிஷின் எதற்கு? அதையே அவரிடம் கேட்டேன்.

"கேட்டாச்சு. கூட்டம் முடிஞ்சா திருப்பி எடுத்துகினு போவணுமாம், அதுக்குத்தான் நிக்கிறேன்னு சொல்றான்."

"திருப்பி எடுத்துட்டுப் போறதுக்கு எவனாவது மலைமேல கொண்டாருவானா? உனக்கு அறிவு கீதா?"

"ஏன்டி என்கிட்ட எகிறுற? நானா கொண்டாந்தேன்?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அந்த மனிதருக்குக் கோபமே வராது. அதுவே பல சமயம் எனக்குக் கோபத்தைக் கிளப்பும்.

பதினோரு மணிக்குக் கூட்டம். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தேன். போனில் சின்னச் சின்னக் கட்டங்கள் வந்தன. ஒரு கட்டத்தில் சென்னை அதிகாரி, பின்னால் புத்தக அலமாரி. திருப்பூரிலிருந்து நம் பையன்கள் நாலைந்து கட்டங்களில் இருந்தார்கள். தையல் மிஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து ஒருவன் எனக்குக் கையாட்டினான். வெள்ளச்சி தன் வீட்டிலிருந்து, மடியில் பிள்ளையோடு, ஒரு கட்டத்தில் பெருமையாக உட்கார்ந்திருந்தாள். கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்த இன்டர்நெட் பெட்டியின் புண்ணியம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னது சரிதானே என்று கவுண்டரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

கூடத்தைக் காட்டிய கட்டத்தில் பாய்களும் பாய்மேல் ஊரும் தெரிந்தன. கேமராவைத் தாழ வைத்திருந்தார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் தெரிந்தார்கள், கூடத்தின் வாசலோ வெளியே மேடோ தெரியவில்லை. அஜய் முன்வரிசையில் சங்கரியை மடியில் வைத்திருந்தார். அவள் டிவியில் தன்னையே பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணுக்கா," என்று மங்கம்மாள் அக்காவிடம் காட்டினேன்.

"அட, துறுதுறுன்னு கீதே! உன்ன மாதிரியே வாயாடுமா?" என்று அவளும் என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு பார்த்தாள்.

ஆரம்பித்ததுமே சக்கரவர்த்தியின் குரல் கேட்டது. அவன் கூடத்தில் கேமராவுக்குப் பின்னால் நின்றிருந்தான், முகம் தெரியவில்லை. "வெளியூர்ல இருந்து சேர்ந்தவங்க சத்தம் ரொம்ப வருது. அதனால எல்லாரையும் மியூட்ல போடுறேன். பேசணும்னா கை சின்னத்த அழுத்துங்க. கூப்பிடுவோம்," என்றான். நியாயமாகத்தான் தோன்றியது. தையல் மிஷின் சத்தம் நின்றது.

பிறகு அதிகாரி பேசினார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை. பொறுமையாக, நல்ல தமிழில் பேசினார். படங்கள் போட்டுக் காட்டினார். பச்சைப் பசேலென்ற மலை, நடுவில் வளைந்து போகும் ரோடு, சிரிக்கிற குழந்தைகள். அந்தப் படம் திரையை முழுக்க அடைத்துக்கொண்டது, நாங்கள் எல்லோரும் ஓரத்தில் ஒரு பட்டையாகச் சுருங்கிப்போனோம். எங்கள் வீடு அந்தப் படத்தில் எங்கே இருக்கும் என்று தேடினேன். அந்த இடத்தில் ரோட்டோரப் பூச்செடி இருந்தது.

கூடத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைமேல் விழுகிற சத்தம் எனக்கே காதை அடைத்தது.

"இத்திட்டத்தில் ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது தெரிவிக்கலாம்," என்றார் அதிகாரி.

முதலில் முனியன் கவுண்டர் எழுந்தார். துண்டை உதறினார். தோளில் போட்டார். அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். பெண்கள் எழுந்தார்கள். அஜய் சங்கரியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு சத்தமில்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. பாயில் ஒருத்தர் மிச்சமில்லை. எனக்குப் புல்லரித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாருக்கா, எங்க ஊர் எப்படின்னு பாரு," என்று மங்கம்மாள் அக்காவின் தொடையில் அடித்தேன்.

"எல்லாம் எங்கடி போறாங்க?" என்றாள் அவள்.

அவள் கேட்டதும்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு வெறும் பாய்தான் தெரிகிறது. அப்படியென்றால் சென்னையில் இருப்பவருக்கும் வெறும் பாய்தான் தெரியும். ஓர் ஊரே மேட்டில் மழையில் நனைந்துகொண்டு அவரைப் பார்த்து நிற்பது அவருக்குத் தெரியாது.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். "என்ன, எல்லாரும் எழுந்து போறாங்க போலிருக்கே?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "சாப்பாட்டு நேரம் சார். கீழ பிரியாணி ஏற்பாடு பண்ணியிருக்கோம்."

"ஓ. அப்ப ஆட்சேபணை?"

"யாரும் ஒண்ணும் சொல்லலீங்க சார்."

பாவி! படுபாவி! நான் மைக் சின்னத்தை அழுத்தினேன். கூட்டம் நடத்துபவர் அனுமதிக்கவில்லை என்று வந்தது. திரும்ப அழுத்தினேன், அதே பதில். கை சின்னத்தை அழுத்தினேன். என் கட்டத்தில் மஞ்சளாக ஒரு கை முளைத்தது. திருப்பூர்ப் பையன்களின் கட்டங்களிலும் ஒவ்வொன்றாகக் கை முளைத்தது. வெள்ளச்சி கட்டத்திலும் முளைத்தது; அவள் வீட்டுக் கூரையிலும் மழை, பேசினது எதுவும் கேட்டிருக்காது, எங்கள் கைகளைப் பார்த்துத்தான் தூக்கியிருப்பாள். சாமைப்பட்டின் கைகள் எல்லாம் தூக்கியபடி நின்றன. அதிகாரியின் முன்னால் இன்னும் அந்தப் பச்சை மலைப் படமும் ஓரத்தில் கூடத்தின் கட்டமும்தான் இருந்திருக்க வேண்டும். எழுதி அனுப்பலாம் என்று பார்த்தால் அதையும் மூடி வைத்திருந்தான். "சார், அவங்க வேணாம்னு சொல்றாங்க சார்! எழுந்தா வேணாம்னு அர்த்தம் சார்!" என்று வராந்தா அதிரக் கத்தினேன். நர்ஸ் ஓடி வந்து, "இது ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா?" என்று திட்டினாள்.

"நீ கத்தினா அவனுக்குக் கேக்குமாடி?" என்று மங்கம்மாள் அக்கா என் தோளைப் பிடித்தாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"ஆட்சேபணை எதுவும் இல்லை. ஏகமனதாகச் சம்மதம் என்று பதிவு செய்கிறேன்," என்றார் அதிகாரி. பிறகு நல்ல மரியாதையோடு, திரையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "அனைவருக்கும் நன்றி. வணக்கம்."

அந்தக் கடைசி நொடியில், வெறும் பாய்களின் ஓரத்தில் முனியன் கவுண்டர் திரும்பி வந்து நின்றதைப் பார்த்தேன். மழைச் சத்தத்தில் அவருக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. டிவியில் அந்தப் பெரிய மனிதர் கும்பிடுவது மட்டும்தான் தெரிந்திருக்கும். கவுண்டரின் முகம் மலர்ந்தது. தலைக்குமேல் கையைத் தூக்கிப் பதிலுக்குக் கும்பிட்டார். திரை அணைந்துவிட்டது.

அஜய்க்குப் போட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே. கொழுந்தனாருக்கும் வெள்ளச்சிக்கும் போட்டேன், அதுவும் அப்படியே; கூட்டம் முடிந்ததும் ஊருக்கு இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள் போல. சக்கரவர்த்திக்குப் போட்டேன். அந்தப் பெட்டி அவன் கையில்தானே இருக்கிறது, இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"மேடம், வணக்கம். உங்க ஊர்க்காரங்க அருமையான ஒத்துழைப்பு மேடம்."

"எழுந்து போனா வேணாம்னு அர்த்தம்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மேடம்."

"அப்புறம் ஏன்டா சாப்பாடுன்னு சொன்ன?"

"சாப்பாடு நெஜமாவே வெச்சிருக்கோம் மேடம்." குரலில் அதே சிரிப்பு. "ரெக்கார்டிங் இருக்கு, நீங்களே பாருங்க. எழுந்து போனது இருக்கு. வேணாம்னு யாரும் சொன்னது இல்ல. உங்களுக்கும்தான் லிங்க் அனுப்பி, நீங்களும் கடைசிவரைக்கும் கூட்டத்துல இருந்தீங்க. உங்க பேரும் வருகைப் பதிவுல இருக்கு."

"அந்த மனுஷன் நேர்ல வந்திருந்தா இது நடந்திருக்குமா?"

"அதுக்குத்தான் மேடம் ஆன்லைன்," என்றான். "எல்லாருக்கும் சௌகரியம்." வைத்துவிட்டான்.

கலெக்டர் ஆபீசுக்குப் போ, மனு கொடு என்றாள் மங்கம்மாள் அக்கா. கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வளைவில் அந்த மிஷின் நிற்கிறது. ஊருக்கு விஷயம் தெரிந்தால் மிஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார்கள், அதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. தெரியாவிட்டால் பிரியாணியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார்கள். யாராவது போய்ச் சொல்ல வேண்டும். நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

"உங்கம்மாவ நான் பாத்துக்கிறேன். போய்ட்டு வா," என்று அக்கா என் பையை எடுத்துக் கையில் திணித்தாள். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொள்ளாமலே கிளம்பினேன்.

அமிர்தி வழியாக மலையேறும் பஸ் நிரம்பி வழிந்தது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறு கையில் போன், மறுபடி மறுபடி அஜய். சங்கரி கொழுந்தனார் வீட்டில் இருக்கிறாள், அந்த வீடு பள்ளத்தில் தள்ளி இருக்கிறது, அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். மலைப் பக்கம் வானம் கன்னங்கரேலென்று இருந்தது. எதிரே இறங்கி வந்த பஸ்ஸின் டிரைவர் எங்கள் டிரைவரிடம், "மேல ஊத்து ஊத்துன்னு ஊத்துது, பாத்துப் போண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனார். அமிர்தி தாண்டி முதல் ஏற்றத்தில் பஸ் முனகிக்கொண்டு ஏறும்போது திடீரென்று லைன் கிடைத்தது.

"தமிழு! கேக்குதா?" அஜய்தான். குரலில் அவ்வளவு உற்சாகம். "ஊரே குஜாலா கீது போ. கவுண்டரு கூத்துக்காரன் மாதிரி ஆடறாரு. உன்னயும் பாத்தோம், டிவியில மஞ்சக் கையத் தூக்கிகினு இருந்தியே!"

"யோவ், நான் சொல்றத மொதல்ல கேளு..."

"நீ கேளு. ரோடு இல்லன்னு ஆய்ட்ச்சா, நாங்க வூட்டுக்கே வந்துட்டோம். பாய், படுக்க, அடுப்பு எல்லாத்தையும் ஏத்திட்டேன். நாளைக்கே கல்லு அடுக்கிடலாம்னு ஊரே சொல்ட்ச்சு, பாப்பாவும் ஒரே புடிவாதம். அதான் உனக்கு லைன் கெடச்சுது."

பஸ் வளைவில் திரும்பியது. கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்த வூட்டுக்கு?"

"இன்னாடி கேள்வி இது? நம்ம வூட்டுக்குத்தான், மேல் வூட்டுக்கு. நீதான சொன்ன, ரோடு வராதுன்னு ஆனா போலாம்னு."

"ரோடு வராதுன்னு யாருய்யா சொன்னது?"

"யாரு சொல்லணும்? நாங்க எழுந்தோம், அவரு கும்புட்டாரு. நீயும்தான பாத்துகினு இருந்த?"

"அவரு நம்மள பாக்கல. அவருக்கு வெறும் பாய்தான் தெரிஞ்சுது. அந்தச் சக்கரவர்த்திப் பய எல்லாரும் சாப்பிடப் போறாங்கன்னு சொல்ட்டான். எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிகினு போய்ட்டாங்க. உனக்குப் புரியுதா? ரோடு வருது. நாம சரின்னு சொல்ட்டோமாம்!"

மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

"சும்மா பயமுறுத்தாத தமிழு. மிஷினக்கூட எடுத்துகினு போறானுங்க. தோ, வளைவுலருந்து கெளம்பி வந்துச்சு, வூட்டுக்குப் பின்னாலதான் திருப்பிகினு கீறான். சத்தம் கேக்குதா?"

கேட்டது. முதலில் உறுமல். அது நின்றது. பிறகு இரும்பு பாறையில் இறங்குகிற சத்தம். டக், டக், டக் என்று விடாமல். போனுக்குள் ஏதோ பாத்திரம் கிணுகிணுவென்று ஆடுவதும் கேட்டது.

"திரும்பிப் போற வண்டி எதுக்குய்யா பாறைய இடிக்குது?"

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"சங்கரி எங்க?"

"உள்ள," என்றார். குரலே மாறிப்போயிருந்தது. "உள்ள தூங்குறா."

"தூக்கிகினு ஓடுய்யா! ஓடு!"

நான் கத்திய கத்தலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. டிரைவர் பிரேக் போட்டார். அந்தப் பக்கம் போன் தரையில் விழுந்தது, அவர் ஓடுவது கேட்டது, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. லைன் கட்டாகவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, என் பிள்ளை அழுகிற சத்தம் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் என்று நின்றேன். மிஷின் இடித்துக்கொண்டே இருந்தது.